பின்னந்தலை

சென்ற ஆண்டு ஆவணியில் கல்யாணம் செய்துகொண்ட என் அக்கா மகள், சித்திரையிலேயே சொல்லிவிட்டாள்: தன் கல்யாணத்துக்குத் தானே தலை பின்னி, தானே ஒப்பனை செய்துகொள்ளப் போவதாக. வீட்டில் ஆளுக்கொரு விதமாக அதைப் புரிந்துகொண்டோம். பார்லரில் நாற்பதாயிரம் பேசிவைத்திருந்த அக்கா, மகள் சிக்கனம் பிடிக்கிறாள் என்று நினைத்தாள். மாப்பிள்ளை வீட்டில் விளையாட்டுப் பேச்சு என்று சிரித்தார்கள். நான் அதை அரசியலாக எடுத்துக்கொண்டு உள்ளுக்குள் மகிழ்ந்தேன். மூன்று பேரும் தவறாகப் புரிந்துகொண்டிருந்தோம் என்பது கல்யாணத்தன்று விடியற்காலைதான் எனக்குத் தெரிந்தது.

"அப்படியே மேக்கப்பே வேணாம்னு சொல்லிடேன். இன்னும் நல்லா இருக்கும்" என்றேன் அவளிடம்.

"வேணும் சித்தி. நல்லாவே வேணும். நான் போட்டுக்கணும், அவ்வளவுதான்."

இருபது ஆண்டுகளாக இலக்கணம் நடத்துகிறவளுக்கு அந்த 'போட்டுக்கணும்' காதில் தைத்தது. கல்யாண வீடுகளில் பெண்ணைப் பற்றி நாம் பேசும் வாக்கியங்களை நினைத்துப் பார்த்தேன். 'பொண்ண ரெடி பண்ணியாச்சா?', 'பொண்ண அழைச்சிட்டு வாங்க', 'பொண்ணக் கட்டிக் கொடுத்தாச்சு'. எல்லாவற்றிலும் அவள் செயப்படுபொருள். 'ஐ' உருபை ஏற்று உட்கார்ந்திருக்கிறாள். வினை முடியும் இடத்தில் 'கொடு' என்ற துணைவினை காத்திருக்கிறது. தமிழில் 'கொள்' என்றும் ஒரு துணைவினை உண்டு. உடுத்திக்கொள், சூடிக்கொள், செய்துகொள். செயலின் பயன் செய்தவளிடமே திரும்பி வருகிற வினை அது. என் அக்கா மகள் கேட்டது அந்த ஒரு துணைவினையைத்தான். அது எவ்வளவு பெரிய கேள்வி என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

*

அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமை இரவு பேருந்து பிடித்து மதுரைக்கு வந்து, அவள் வீட்டுக்குப் போகாமல் என் வீட்டுக்கு வருவாள். என் வீட்டுக் கிழக்கு ஜன்னலில் காலை வெளிச்சம் நன்றாக விழும். தவிர, அவளுடைய அம்மாச்சி, அதாவது என் அம்மா, என்னோடுதான் இருக்கிறாள்.

முகத்தை விட நேரம் எடுத்தது முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொள்வதற்குத்தான். கடையில் ஃபவுண்டேஷன் வாங்கப் போனபோது, அங்கிருந்த பெண் கேட்காமலே இவள் நிறத்துக்கு இரண்டு படி வெளுப்பான புட்டியை எடுத்து நீட்டினாள். புறங்கையில் தடவிக் காட்டி "கல்யாணத்துக்குன்னா இதுதான் எடுப்பா இருக்கும்" என்றாள். கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடை எலும்பு ஓரமாக ஒரு கோடு தடவி, வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எந்தக் கோடு கழுத்தோடு கலந்து மறைகிறதோ அதுதான் நம் நிறம். இவள் மூன்று கோடுகளோடு கடை வாசலில் நின்றாள். மறைந்தது மூன்றாவது கோடு. அந்தப் புட்டி அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

1975-இல் சந்தைக்கு வந்த ஒரு பூச்சு தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'க்ளோ' என்று வைத்துக்கொள்ள 2020 வரை ஆயிற்று. பெயர் மாறிவிட்டது. கடைக்காரப் பெண்ணின் கை இன்னும் பழைய தட்டுக்குத்தான் போகிறது. 'ஒப்பனை' என்ற சொல்லுக்குள் ஓர் 'ஒப்பு' இருக்கிறது. யாருக்கு ஒப்பாக நம்மை ஆக்கிக்கொள்கிறோம் என்ற கேள்வி அந்தப் புட்டியிலேயே தொடங்கிவிடுகிறது.

பிறகு ஒவ்வொன்றாகக் கற்றாள். கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையை வெள்ளையால் மறைக்கப் பார்த்தால் சாம்பல் பூத்துவிடும், முதலில் கொஞ்சம் ஆரஞ்சு நிறம் வைக்க வேண்டும். சில பவுடர்கள் நேரில் பார்க்க நன்றாக இருக்கும், ஃபிளாஷ் அடித்தால் படத்தில் திட்டுத்திட்டாக வெளுத்துத் தெரியும். கண்மை தண்ணீருக்குக் கரையாததாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஓமப்புகையில் கண் கலங்காமல் இருக்காது. தாலி ஏறும் நேரத்தில் அழுகை வருமா வராதா என்பதைக்கூட முன்கூட்டி யோசித்து வைக்க வேண்டியிருந்தது. "ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வாங்கினேன் சித்தி" என்று சிரித்தாள்.

*

இதையெல்லாம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என் கல்யாண ஆல்பம் நினைவுக்கு வந்தபடியே இருந்தது. நான் அதைத் திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன.

2005-இல் என் கல்யாணம். பார்லரிலிருந்து வந்தவர்கள் விடியற்காலை மூன்று மணிக்கு என்னை நாற்காலியில் உட்கார வைத்துக் "கண்ண மூடிக்குங்க" என்றார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தபோது கண்ணாடியில் வேறு யாரோ இருந்தாள். "இப்பத்தான் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கா" என்று யாரோ சொன்னார்கள். தாலி கட்டும் படத்தில் என் முகமும் கழுத்தும் ஒரு நிறம், குவித்த கைகள் இன்னொரு நிறம். கைகளை மட்டும் மறந்துவிட்டார்கள். அந்தப் படத்தில் நான் என்று அடையாளம் சொல்லக் கூடியவை அந்தக் கைகள்தாம்.

அந்தப் பெண்மணிமேல் எனக்குக் கோபம் இல்லை. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது மணப்பெண் அலங்காரம்தான் தொழிலாகச் செய்கிறாள். நள்ளிரவில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறாள். "மேடம், பொண்ணுங்க யாரும் வெள்ளையாக்கச் சொல்றதில்ல. பக்கத்துல நிக்கிற அம்மா, அத்தைங்கதான் 'கொஞ்சம் கலரா பண்ணும்மா'ன்னு காதுல சொல்றாங்க. மாட்டேன்னா அடுத்த ஆர்டர் வராது" என்றாள். நாம் கேட்பதைத்தான் அவர்கள் பூசுகிறார்கள்.

ஆல்பத்தை நான் திறக்காததற்கு நிறம் மட்டும் காரணம் இல்லை. அந்த ஆல்பத்தில் எங்கேயும் என் அம்மா இல்லை.

அக்கா கல்யாணத்தின்போது அப்பா இருந்தார். முந்தின ராத்திரி முழுக்க அம்மாதான் வாழைநாரில் மல்லியும் கனகாம்பரமும் மரிக்கொழுந்தும் தைத்துப் பூச்சடை செய்தாள். அக்கா தலையில் அதைப் பொருத்தி, உச்சியில் ராக்கொடி வைத்து, நுனியில் குஞ்சலம் கட்டியது எல்லாம் அவள் கை. 2001-இல் அப்பா இறந்தார். நான்கு ஆண்டு கழித்து என் முறை வந்தபோது அம்மாவின் விரல்கள் அப்படியேதான் இருந்தன. ஒன்றாம் வகுப்பிலிருந்து கல்லூரி வரை ஒவ்வொரு நாளும் என் தலையைப் பின்னிய விரல்கள். ஆனால் கல்யாணப் பெண்ணின் தலையில் பூ வைக்கச் சுமங்கலிகள் வேண்டும். யாரும் அம்மாவை விலகிப் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் அவள் பின்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அது தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

அப்போதே நான் பெண்ணியக் கவிதைகள் எழுதிக்கொண்டிருந்தவள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

*

அலங்காரம் பற்றி நம்மிடம் இரண்டு விடைகள் தயாராக இருக்கின்றன.

ஒன்று, மறுப்பு. நகையும் அலங்காரமும் பெண்ணைப் பொம்மையாக்குகின்றன, தலைமுடியைக் கத்தரித்துவிடுங்கள் என்று பெரியார் பேசினார். சடங்கில்லாத சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-இல் தமிழ்நாடு சட்ட ஏற்பும் தந்தது. அந்தக் குரலுக்கு நாம் பட்டிருக்கும் கடன் பெரியது. மற்றொன்று, தேர்வு. என் உடல், என் விருப்பம், நான் எதைப் பூசிக்கொண்டாலும் அது என் சுதந்திரம் என்பது.

எனக்கு இரண்டிலும் சங்கடம் உண்டு. மறுப்பு என்ற விடை பெண்ணின் வாயிலிருந்து வரும்போது ஒன்றாகவும், ஆணின் வாயிலிருந்து வரும்போது வேறொன்றாகவும் ஆகிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் மனையறம்படுத்த காதையில் கோவலன் கண்ணகியிடம் கேட்கிறான்: மங்கல அணி ஒன்றே போதுமே, உன்னை அலங்கரிக்கும் பெண்கள் ஏன் இத்தனை பூவும் சாந்தும் நகையும் சுமத்துகிறார்கள்? வகுப்பில் இதை நடத்தும்போது மாணவிகள் உருகிப்போவார்கள். இயற்கை அழகைப் புகழ்கிற கணவன்! ஆனால் அந்தக் காதை முழுவதிலும் கண்ணகி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவளுக்கு அந்தப் பூ பிடித்திருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. அடுத்த காதையில் அவன் மாதவியிடம் போய்விடுகிறான். 'மேக்கப் இல்லாமலே நீ அழகு' என்று இன்றைக்கும் பையன்கள் சொல்கிறார்கள். அதுவும் ஒரு தீர்ப்புதான், தீர்ப்புச் சொல்பவரும் பழையவர்தான். மேக்கப்பே வேண்டாம் என்று அக்கா மகளிடம் நான் சொன்ன யோசனையிலும் ஒரு துளி கோவலன் இருந்தான் என்பதைத் தாமதமாகத்தான் உணர்ந்தேன்.

தேர்வு என்ற விடைக்கும் ஓட்டை உண்டு. 'ஹெச்டி', 'ஏர்பிரஷ்', 'ட்ரெடிஷனல்' என்று மூன்று படங்களைக் காட்டி எது வேண்டும் என்று கேட்பதும் தேர்வுதான். அங்கே நான் எதைத் தேர்ந்தாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார வேண்டும். என் முகத்தில் எது, எதற்காக, எவ்வளவு வைக்கப்படுகிறது என்று தெரியாதவரை நான் தேர்வது பட்டியலில் இருக்கும் ஒரு பெயரை மட்டுமே.

அக்கா மகள் இந்த இரண்டையும் விட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்றைச் செய்தாள். கற்றுக்கொண்டாள். கற்றுக்கொண்டவளுக்கு மறுக்கவும் தெரியும், குறைக்கவும் தெரியும். மூன்றாவது மாதம் அவளாகவே பாதிப் பொருளை ஒதுக்கிவிட்டாள். கொள்கைக்காக அல்ல. "இது என் கன்னத்துக்கு ஒண்ணும் பண்ணல சித்தி" என்று. ஒரு பெண் தன் முகத்தைக் குறை கண்டுபிடிப்பதற்காக இல்லாமல், ஒரு தச்சர் மரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்ததை நான் அன்றுதான் கண்டேன்.

*

முகம் வசப்பட்டுவிட்டது. தலைதான் வசப்படவில்லை.

முன்பக்கம் வகிடெடுக்கலாம். பின்னலைத் தோளுக்கு முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு நுனிவரை பின்னிவிடலாம். உச்சிக்கும் கழுத்துக்கும் நடுவே இருக்கும் அந்த ஒரு சாண் இடம் மட்டும் யாருக்கும் தன்னுடையதாக ஆவதில்லை. இரண்டு கண்ணாடி வைத்துப் பார்த்தாள். கை ஒருபக்கம் போனால் பிம்பம் வேறுபக்கம் போவதுபோல் இருந்தது. செல்போனைப் பின்னால் நிறுத்தி வைத்துப் பார்த்தாள். கையைத் தலைக்கு மேல் தூக்கியபடி அரை மணி நேரம் இருந்தால் தோள் கடுத்துப்போகிறது. சவுரியை வைத்துச் சடைபில்லையைக் குத்தினால் கனம் தாங்காமல் சரிந்தது.

அதுவரை வாசல் நிலையில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்த அம்மா, ஐந்தாவது தடவை சரிந்தபோது உள்ளே வந்தாள்.

"குளிச்ச அன்னிக்கே பின்னுனா வழுக்கத்தான் செய்யும்டி. முந்தின நாளே குளிச்சிரு. ஊசிய நேரா குத்தாத, ஒண்ணு மேல ஒண்ணு குறுக்கால குத்து. சவுரிய மொதல்ல கறுப்பு நூல் போட்டு முடியோட கட்டு, அப்பறம் பில்லைய வையி."

சொல்லிக்கொண்டே அவள் கை வேலை செய்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அம்மாதான் பின்னந்தலை. பேத்தி கண்ணாடியைப் பார்த்தபடி "இன்னும் கொஞ்சம் மேல அம்மாச்சி" என்பாள். "ஆட்டாதடி தலைய" என்பாள் அம்மா. நான் காப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒத்திகைக்கு எந்தத் தீட்டும் இல்லை. அதே கை, அதே தலை, அதே பூ. கல்யாணத் தேதி என்ற ஒன்று வந்தால் மட்டும் அந்தக் கைக்கு ஏதோ ஆகிவிடும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பேசவில்லை.

அந்த வாரங்களில்தான் வகுப்பில் அகநானூற்றின் 86-ஆம் பாட்டு வந்தது. அதை நான் எப்போதும் பெருமையோடு நடத்துவேன். உளுந்து சேர்த்துச் சமைத்த சோறு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, விடியற்காலை. தீ வலம் வருவது இல்லை, புரோகிதர் இல்லை. பெண்களே கூடி நீராட்டி மணம் செய்து வைக்கிறார்கள். பூவும் நெல்லும் ஈரக் கூந்தலில் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. 'பெண்கள் நடத்திய திருமணம்' என்று பலகையில் எழுதிப் போடுவேன். இந்த முறை எழுதிவிட்டு நின்றேன். நீராட்டும் நான்கு பெண்களுக்குப் பாட்டு ஒரு தகுதி சொல்கிறது. அவர்கள் புதல்வரைப் பெற்றவர்கள். பிள்ளை இல்லாதவளும் கணவனை இழந்தவளும் அந்தப் பந்தலில் எங்கே நின்றார்கள் என்று பாட்டு சொல்வதில்லை. புறநானூற்றின் 250-ஆம் பாட்டுக்குப் போனால், கணவனை இழந்தவளின் கூந்தல் களையப்பட்டிருக்கிறது. ஒரு தொகையில் பூச்சூட்டப்படும் தலை, இன்னொரு தொகையில் மழிக்கப்பட்ட தலை. தொட அனுமதிக்கப்பட்ட கைகளின் பட்டியலைப் புரோகிதர்தான் எழுத வேண்டும் என்பதில்லை. பெண்கள் மட்டுமே இருக்கும் அறையிலும் அந்தப் பட்டியல் இருக்கும். இருபது ஆண்டுகளாக அந்த அடியைக் கண்ணில் படாமல் தாண்டிப் போயிருக்கிறேன்.

*

கல்யாணத்தன்று இரண்டரை மணிக்கு எழுந்தாள். மண்டபத்து மணமகள் அறையில் ட்யூப்லைட் வெளிச்சம் முகத்தை நீலமாகக் காட்டியது. வீட்டிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பல்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். சுற்றிலும் இருந்த பெண்களுக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்த்தார்கள், கிண்டல் செய்தார்கள், பிறகு மெல்ல அமைதியானார்கள். கண்ணைத் திறந்தபடி தன்னைத் தயார் செய்துகொள்ளும் கல்யாணப் பெண்ணை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. நானும்தான். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் தடித்துவிட்டது. அழித்துத் திரும்ப வரையப் பார்த்துவிட்டு, "போகட்டும், அது நெசத்துலயும் அப்படித்தான் இருக்கு" என்று விட்டுவிட்டாள்.

பின்னலை முன்னால் போட்டு முடித்தாள். பிறகு கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள்: "சித்தி, அம்மாச்சியக் கூப்பிடு."

அறையில் ஓர் அசைவு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் சொன்னார்: "அவங்க எதுக்கும்மா சிரமப்படணும்? சுமங்கலிங்க இத்தனை பேரு இருக்கோம், நாங்க வெச்சி விடுறோம்."

"உங்களுக்கு என் சடை பழக்கமில்ல அத்தை. அம்மாச்சிக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். சண்டை இல்லை, பிரசங்கம் இல்லை. அந்த அறையில் அவள் தலையைப் பற்றி அவளைவிட அதிகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாததால், அதற்கு மறுபேச்சும் இல்லை. நான்கு மாதம் அவள் கற்றது இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதற்காகத்தானோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணை மூடி உட்கார்ந்திருப்பவளால் யாரையும் கூப்பிட முடியாது.

அம்மா சாமான் அறையில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தாள். "வேணாம்டி ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா..." என்று என்னைத் தள்ளினாள். அவள் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. பேத்திக்கு ஏதாவது கெடுதல் வந்தால் அது தன் கையால் வந்தது என்று காலம் முழுக்க நினைக்க வேண்டியிருக்குமே என்ற பயம். அந்தப் பயத்தின் முன் நான் நின்று யோசித்தேன். எங்கள் கொள்கைக்காக அவளைப் பிடித்து இழுக்க எங்களுக்கு உரிமை உண்டா? ஒருத்தியை விலக்கி வைப்பதும் கட்டாயம், சேர்த்துக்கொள்வதும் கட்டாயம் என்றால் இரண்டுக்கும் நடுவே அவள் விருப்பம் எங்கே? இதற்கு எனக்கு இன்றும் முழு விடை இல்லை. அதனால் உண்மையை மட்டும் சொன்னேன். "புள்ளைக்குப் பின்னாடி எட்டலம்மா. சரியுது."

"குறுக்கால குத்துனாளா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்துவிட்டாள்.

உள்ளே வந்தவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சவுரியை நூல் போட்டுக் கட்டி, பில்லையைப் பொருத்தி, பூவை வைத்து, ஊசிகளைக் குறுக்காகக் குத்தினாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பேத்தியின் தலையை ஒருமுறை இரண்டு கையாலும் பிடித்து நேராக நிறுத்தினாள். பிறகு தேங்காய் எண்ணப் போய்விட்டாள். இதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் மேடைக்கு வரவில்லை. அட்சதை போடும்போதுகூடத் தூணோரமாகத்தான் நின்றாள்.

சாயங்காலம் அக்கா மகளிடம் கேட்டேன். "இதுக்காகத்தானா?"

"உன் கல்யாணத்தப்ப எனக்கு ஏழு வயசு சித்தி. அம்மாச்சி பின்கட்டுல உக்காந்து, பூக்கட்டுன நாரத் திரும்பத் திரும்பப் பிரிச்சுக்கிட்டு இருந்துச்சு. நான் பக்கத்துல இருந்தேன்" என்றாள்.

தன் கையால் தன்னை அலங்கரித்துக்கொள்வது சுதந்திரமா என்று என்னை யாராவது கேட்டால், இப்போது இப்படித்தான் சொல்வேன். பிறர் கையே வேண்டாம் என்பது சுதந்திரம் இல்லை, பின்னந்தலை எல்லோருக்கும் பின்னால்தான் இருக்கிறது. யார் கை அங்கே வர வேண்டும் என்று சொல்ல முடிவதுதான் சுதந்திரம். அப்படிச் சொல்வதற்கு, மற்றதையெல்லாம் நம் கை தெரிந்துவைத்திருக்க வேண்டியிருக்கிறது.

அவள் ஆல்பம் வந்துவிட்டது. பெரியவர்கள் காலில் விழுந்து எழும்போது எடுத்த ஒரு படத்தில் மட்டும் பின்னலும் பூவும் தெரிகின்றன. பூச்சரம் இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. என் பள்ளிக்கூட குரூப் போட்டோக்களை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் என் தலைப்பூ அதே பக்கம், அதே அளவு சாய்ந்திருக்கிறது.